சலானை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனால் ‘வாய்தா’வா? தேதி தள்ளிப்போனால் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

“சார் இன்னைக்கு லீவு தம்பி. அடுத்த மாசம் வாங்க.”

கையில் ஃபைல், ஆபீஸில் ஒரு நாள் லீவு, காலை பத்து மணிக்கே கோர்ட் வாசலில் ஆஜர். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு வந்தவருக்கு பதினொரு மணிக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தால் எப்படி இருக்கும்? “ஆயிரம் ரூபா ஃபைனுக்கு இவ்வளவு அலைச்சலா? பேசாம கட்டிட்டுப் போயிருக்கலாம்” என்றுதான் முதலில் தோன்றும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 27 வயது இளைஞர். ஓஎம்ஆரில் ஐடி வேலை, மேடவாக்கத்தில் வாடகை வீடு, சொந்தமாக ஒரு கறுப்பு ஸ்கூட்டர். பொங்கல் விடுமுறைக்கு திருச்சிக்கு ரயிலில் போயிருக்கிறார். ஸ்கூட்டர் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூங்குகிறது. அடுத்த வாரம் போனில் ஒரு எஸ்எம்எஸ்: அண்ணா சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதாக ஆயிரம் ரூபாய் சலான். படத்தைத் திறந்து பார்த்தால் அதில் இருப்பது சிவப்பு பைக். நம்பர் பிளேட்டில் கடைசி எண் 3. கேமராவோ, பதிவு செய்தவரோ அதை 8 என்று படித்திருக்கிறார்கள். அந்த 8 இவருடைய நம்பர்.

இவர் கற்பனை ஆள்தான். ஆனால் இந்தச் சிக்கல் கற்பனை இல்லை. கார் வைத்திருப்பவருக்கு ஹெல்மெட் சலான், விற்றுப் பல மாதம் ஆன வண்டிக்கு சிக்னல் சலான் என்று செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கின்றன. நியாயம் தன் பக்கம் இருந்தும் பலர் பின்வாங்குவது வாய்தாவில்தான். வழக்கில் தோற்றதால் அல்ல, லீவு தீர்ந்துபோனதால் விட்டுக்கொடுக்கிறார்கள்.

தேதி தள்ளிப்போனால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது? பார்க்கலாம்.

ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டால் என்ன?

தவறு செய்திருந்தால் கட்டிவிடுவதுதான் நேர்மை, நிம்மதியும்கூட. செய்யாத தவறு என்றால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது.

தமிழ்நாட்டில் போக்குவரத்து விதிமீறல்களுக்கான புதிய கட்டணங்கள் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டன. மத்திய அரசு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தைத் தொடர்ந்து வந்த உயர்வு இது. ஹெல்மெட் அணியாததற்கு 1,000 ரூபாய். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய்.

ஆனால் விஷயம் தொகையோடு முடிவதில்லை. ஹெல்மெட் அணியாததற்கான 194-டி பிரிவில், அபராதத்துடன் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்ற வரியும் இருக்கிறது. பொதுவான விதிமீறலுக்கான 177-வது பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரை. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கு முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000. அதாவது, செய்யாத ஒன்றை இன்று ‘ஒப்புக்கொண்டு’ கட்டினால், நாளை உண்மையிலேயே ஒரு தவறு நடக்கும்போது அது இரண்டாவது தவறாகக் கணக்கில் ஏற வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, கட்டிய பிறகு வாதாட இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவின்படி இணக்கக் கட்டணம் செலுத்திவிட்டால் அந்த விஷயம் அதோடு முடிந்தது. மேல் நடவடிக்கையும் கிடையாது. “பணம் கட்டினேன், ஆனா நான் செய்யல” என்று பிறகு சொல்வதற்கும் வழி இல்லை. எனவே கட்டுவதா, மறுப்பதா என்ற முடிவை பட்டனை அழுத்தும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

சலான் கோர்ட்டுக்குப் போவது எப்படி?

பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டால் விவரமும் படமும் வரும். படத்தில் இருப்பது உங்கள் வண்டியே இல்லை என்றால் முதல் வேலை அந்தத் தளத்திலேயே உள்ள புகார் பகுதியில் பதிவு செய்வது. நம்பரைத் தவறாகப் படித்த மாதிரியான விஷயங்கள் இங்கேயே தீர்ந்துவிட்டால் கோர்ட் படியே ஏற வேண்டாம்.

தீரவில்லை என்றால் சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். போக்குவரத்து சலான்களுக்கான இந்த ஆன்லைன் நீதிமன்றம் முதலில் 2019-ல் டெல்லியில் தொடங்கியது. தமிழ்நாடும் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. செல்போன் எண், பெயர், வண்டி எண் என்று எதைக் கொண்டும் வழக்கைத் தேடலாம். ஓடிபி வந்ததும் இரண்டு வழிகள் திரையில் இருக்கும். ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது. இன்னொன்று, வழக்கை எதிர்த்து வாதாடுவது.

இரண்டாவதை அழுத்தினால் கதை ஆன்லைனில் இருந்து ஆஃப்லைனுக்கு மாறுகிறது. வழக்கு வழக்கமான மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்பப்படும். அது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோர்ட் அல்ல, விதிமீறல் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு அதிகாரம் உள்ள கோர்ட். பெங்களூரில் வேலை பார்ப்பவருக்கு சென்னையில் சலான் விழுந்தால், பஸ் ஏறி வர வேண்டியது சென்னைக்குத்தான். வாய்தா ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பது இங்கேதான் புரியும்.

கவனிக்க: சலானில் கெடு தேதி இருந்தால் அதைத் தாண்ட விடாதீர்கள். மறுப்பதாக இருந்தாலும் கெடுவுக்குள் மறுக்க வேண்டும். ஆர்சி-யில் பதிவான செல்போன் எண் பழையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். எஸ்எம்எஸ் எல்லாம் அந்தப் பழைய நம்பருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

வாய்தா ஏன் விழுகிறது?

வாய்தா என்றால் விசாரணையை வேறொரு தேதிக்கு ஒத்திவைப்பது. சலான் வழக்குகளில் பெரும்பாலும் காரணங்கள் இவைதான்:

• மாஜிஸ்திரேட் விடுப்பில் இருப்பார். பொறுப்பு வகிக்கும் இன்னொரு மாஜிஸ்திரேட் அவசர வேலைகளை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற வழக்குகளுக்கு அடுத்த தேதி கொடுப்பார்.

• விர்ச்சுவல் கோர்ட்டிலிருந்து வர வேண்டிய கேஸ் கட்டு இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

• சலான் போட்ட போலீஸ் அதிகாரி பந்தோபஸ்து டியூட்டிக்குப் போயிருப்பார்.

• வழக்கறிஞர்கள் கோர்ட் புறக்கணிப்பில் இருப்பார்கள்.

• நீங்களே ஏதோ ஒரு காரணத்துக்காகத் தேதி கேட்டிருப்பீர்கள்.

• பெயரைக் கூப்பிட்ட நேரத்தில் நீங்கள் டீக்கடையில் இருந்திருப்பீர்கள்.

முதல் நான்கும் உங்கள் கையில் இல்லை. ஐந்தாவது ஒரு முறை பரவாயில்லை. ஆறாவதுதான் ஆபத்து. முதல் ஐந்தில் வழக்கு வெறுமனே தள்ளிப்போகிறது. ஆறாவதில் நீங்கள் ‘ஆஜராகவில்லை’ என்று பதிவாகலாம்.

தேதி தள்ளிப்போனதும் என்ன செய்ய வேண்டும்?

பலர் செய்யும் தவறு, “இன்னைக்கு கோர்ட் இல்லையாம்” என்று யாரோ வராண்டாவில் சொன்னதைக் கேட்டுவிட்டு பைக்கைக் கிளப்புவது. மாஜிஸ்திரேட் லீவில் இருந்தாலும் அன்றைய பட்டியலில் உள்ள வழக்குகளுக்கு அடுத்த தேதி கொடுக்கப்படும். உங்கள் வழக்குக்கும் கொடுக்கப்படும். அந்தத் தேதி தெரியாமல் வெளியே வந்தால் நாளைய பிரச்சினை இன்றே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

செய்ய வேண்டியவை:

1. கோர்ட் அறையில் இருக்கும் பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்கு எண்ணைச் சொல்லி, நீங்கள் வந்திருப்பதைத் தெரியப்படுத்துங்கள். “ஐயா, நான் ஆஜராயிட்டேன், அடுத்த வாய்தா என்னைக்கு?” என்று மரியாதையாகக் கேட்டால் போதும்.

2. தேதியோடு காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் விடுப்பா, போலீஸ் தரப்பு வரவில்லையா, கேஸ் கட்டு வரவில்லையா? ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி. பிறகு இது கைகொடுக்கும்.

3. இ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் வழக்கின் சிஎன்ஆர் எண்ணைச் சேமித்து வையுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்கக் குறியீடு இது. வழக்குக்கு ஆதார் எண் மாதிரி. அதைப் போட்டால் அடுத்த தேதி, இதுவரை நடந்தது எல்லாம் இலவசமாகத் தெரியும்.

4. ஆப்பில் தேதி ஏற ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். வாயால் சொன்ன தேதியும் ஆப்பில் உள்ள தேதியும் ஒன்றுதானா என்று அந்த வாரத்துக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கோர்ட் அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

5. விசாரணைக்கு முந்தைய நாள் மாலை, மறுநாளுக்கான வழக்குப் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியூரில் இருந்து வருபவர்களுக்கு பஸ் டிக்கெட் புக் செய்யும் முன் இது கட்டாயம்.

எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாமா?

முடியாது. சட்டத்தில் கடிவாளம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 346-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. பழைய சட்டத்தில் இது 309-வது பிரிவு.

அது சொல்வதன் சாரம்: ஒரு தரப்பு கேட்டது என்பதற்காக மட்டும் வாய்தா கொடுக்கக் கூடாது. அவர்கள் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலை இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும், எதிர்த் தரப்பின் ஆட்சேபத்தைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, இரண்டு முறைக்கு மேல் போகாமல்தான் ஒத்திவைக்கலாம். “எங்க வக்கீல் வேற கோர்ட்ல இருக்கார்” என்பது ஒரு காரணமே அல்ல. வாய்தா கேட்கும் தரப்பு செலவுத்தொகை கட்ட வேண்டும் என்றும் கோர்ட் நிபந்தனை விதிக்கலாம்.

இந்த இரண்டு முறை வரம்பு இரு தரப்புக்கும்தான். நீங்கள் கேட்டாலும் அதே கணக்கு. ஆனால் மாஜிஸ்திரேட் விடுப்பு, கேஸ் கட்டு வராதது போன்றவை ‘ஒரு தரப்பு கேட்ட வாய்தா’ ஆகாது. அதனால் நடைமுறையில் எண்ணிக்கை இரண்டைத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம்.

அப்படியானால் இந்தப் பிரிவால் என்ன லாபம்? இங்கேதான் நீங்கள் ஒவ்வொரு முறையும் குறித்து வைத்த அந்த ஒரு வரி உதவுகிறது. போலீஸ் தரப்பு மூன்றாவது முறையாகத் தேதி கேட்கும்போது, “ஐயா, இது மூணாவது வாய்தா. முந்தைய ரெண்டு தேதியிலயும் நான் ஆஜராயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு வர்றேன். விசாரிச்சு முடிச்சுத் தரணும்” என்று தேதிகளோடு சொல்லலாம். அதையே ஒரு பக்கத்தில் எழுதி மனுவாகவும் கொடுக்கலாம். ஆயிரம் ரூபாய் சலான் வழக்கில் செலவுத்தொகை கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஆனால் உங்கள் ஆட்சேபம் பதிவானால் அடுத்த தேதி நெருக்கமாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

புதிய தேதியில் வரவே முடியாது என்றால்?

ஆபீஸில் ரிலீஸ், அக்கா கல்யாணம், ஆன்சைட் பயணம். வாய்தா விழும் தேதி நம் காலண்டரைப் பார்த்து விழுவதில்லை. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

அன்றே சொல்லிவிடுவது முதல் வழி. கோர்ட்டில் தேதி சொல்லும்போதே “ஐயா, அந்த வாரம் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் கொடுத்தா வசதியா இருக்கும்” என்று கேட்பதில் தவறில்லை. கொடுப்பதும் மறுப்பதும் கோர்ட்டின் விருப்பம். கேட்காமல் இருந்தால் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டாவது, வழக்கறிஞர் மூலம் மனு. அந்த ஒரு நாளைக்கு மட்டும் நேரில் வருவதிலிருந்து விலக்கு கேட்கலாம். கோர்ட் வட்டாரத்தில் இதற்கு ‘317 பெட்டிஷன்’ என்றுதான் பெயர். பழைய சட்டத்தின் பிரிவு எண் அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. புதிய சட்டத்தில் அது 355. இந்த விலக்கு கேட்க உங்களுக்கு வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். நண்பரையோ தம்பியையோ அனுப்பி, “அண்ணனுக்கு ஆபீஸ் வேலை” என்று சொல்ல வைப்பது எடுபடாது.

மூன்றாவது, வீடியோ வழி. அதே 355-வது பிரிவின் விளக்கம், ஆடியோ-வீடியோ வழியாக ஆஜராவதும் நேரில் ஆஜரானதாகவே கருதப்படும் என்கிறது. எல்லாக் கோர்ட்டிலும் எல்லா நாளும் இதற்கு வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. வெளியூரில் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய வழி இது.

வழக்கறிஞர் கட்டணம் சலான் தொகையைவிட அதிகமாக இருக்குமே என்ற கவலை நியாயமானதுதான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இந்த உரிமை உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தேசிய உதவி எண் 15100.

தேதியைத் தவறவிட்டால் கைது செய்வார்களா?

பலரைத் தூங்கவிடாத கேள்வி இது. நேரான பதில்: ஆஜராகாதவர் மீது வாரண்டு பிறப்பிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இருக்கிறது. முதல் தடவையே பிடிவாரண்டு பாயும் என்று பயப்படத் தேவையில்லை. “சலான் கேஸ்தானே, என்ன பண்ணிடப் போறாங்க” என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது.

தவறவிட்டது தெரிந்ததும் அடுத்த வேலை நாளிலேயே கோர்ட்டுக்குப் போய் நிலவரத்தைக் கேளுங்கள். வெறும் அடுத்த தேதிதான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்தத் தேதியில் ஆஜராகி, வராததற்கான காரணத்தைச் சொன்னால் போதும். வாரண்டு வந்திருந்தால், அதைப் பிறப்பித்த கோர்ட்டே ரத்து செய்யும் வரை அது உயிரோடுதான் இருக்கும். எனவே வழக்கறிஞர் மூலம் ‘வாரண்டு ரீகால்’ மனு போட்டு, நேரில் நின்று காரணம் சொல்ல வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, பயண டிக்கெட் என்று ஏதாவது சான்று இருந்தால் எடுத்துப் போங்கள். தானாக வந்து நிற்பவரை கோர்ட் பார்ப்பதற்கும், போலீஸ் அழைத்து வருபவரைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

கிடைத்த நாட்களை எப்படிப் பயன்படுத்துவது?

வாய்தா என்றாலே நஷ்டம் என்று நினைக்கிறோம். ஆனால் சலான் வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் காகிதத்தில்தான். அந்தக் காகிதத்தைச் சேர்க்கக் கிடைத்த அவகாசம் என்றும் இதைப் பார்க்கலாம். முதல் தேதியில் அவசரமாகப் போனவரைவிட, இரண்டாவது தேதியில் முழு ஃபைலோடு போகிறவர் பலமாக நிற்பார்.

மேடவாக்கம் இளைஞரின் ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்?

• சலானும் அதில் உள்ள படமும். பெரிதாக்கி கலர் பிரின்ட் எடுத்துக்கொள்ள வேண்டும்.

• ஆர்சி நகல். வண்டியின் வகை, நிறம், மாடல் எல்லாம் அதில் இருக்கிறது.

• படத்தில் உள்ள அதே கோணத்தில் எடுத்த சொந்த ஸ்கூட்டரின் போட்டோ. சிவப்பு பைக்கும் கறுப்பு ஸ்கூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பாதி வாதம் முடிந்தது.

• அன்று திருச்சியில் இருந்ததற்கான ரயில் டிக்கெட்.

• பரிவாஹன் தளத்தில் கொடுத்த புகாரின் நகல்.

வண்டி சர்வீஸில் இருந்தது என்றால் சர்வீஸ் சென்டர் பில். கார் என்றால் ஃபாஸ்டேக் கணக்கு விவரம் நல்ல சாட்சி. சலான் சொல்லும் நேரத்தில் அந்தக் கார் விக்கிரவாண்டி டோலைக் கடந்திருந்தால் அண்ணா சாலையில் இருந்திருக்க முடியாது. வண்டியை விற்றுவிட்டீர்கள் என்றால் விற்பனைப் பத்திரமும் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதும் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் யாரோ ஓட்டிய வண்டிக்கு சலான் வந்துகொண்டே இருக்கும்.

செல்போன் ஸ்க்ரீன்ஷாட், வீடியோ போன்ற மின்னணு ஆதாரங்களை முறையாகத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அச்சடித்த ரசீது, முத்திரையிட்ட பில் கிடைக்கும் இடத்தில் அதையே வாங்கிக்கொள்வது எளிது.

கேமரா சலான் என்றால் இன்னும் சில கேள்விகள் கேட்கலாம். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதி, தானியங்கிக் கருவிகளுக்கு நிபந்தனைகள் வைக்கிறது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். கேமரா கண்காணிப்பு இருப்பதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்க வேண்டும். நம்பர் பிளேட் தெரியும் படமும் தேதி, நேரம், இடமும் சலானில் இருக்க வேண்டும். விதிமீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். வழக்கு முடியும் வரை அந்தப் பதிவைப் பாதுகாக்கவும் வேண்டும்.

இதில் எதையாவது சரிபார்க்க வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள். ஒரு மாத வாய்தா விழுந்தால், அன்று மாலையே ஆர்டிஐ மனுவைப் போட்டுவிடுங்கள். அடுத்த தேதிக்குள் பதிலோ, அல்லது ‘பதில் வரவில்லை’ என்று சொல்வதற்கான ஒப்புகையோ கையில் இருக்கும்.

நம்ப வேண்டாம்!

“போலீஸ் வரலைன்னா கேஸ் தள்ளுபடி.” வெளிநாட்டுப் படங்களும் யூடியூப் வீடியோக்களும் பரப்பிய நம்பிக்கை. இங்கே போலீஸ் தரப்பு ஒரு நாள் வராததால் வழக்கு தானாகக் கலைந்துவிடாது. வழக்கமாகக் கிடைப்பது இன்னொரு வாய்தாதான்.

“இழுத்தடிச்சா ஆறு மாசத்துல காலாவதி ஆயிடும்.” பாதி உண்மை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை ஆறு மாதத்துக்குள் கோர்ட் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஆனால் கோர்ட் எடுத்துக்கொண்ட பிறகு விழும் வாய்தாக்களால் வழக்கு காலாவதி ஆகாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் வரம்பைத் தளர்த்தவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மிகப் பழைய சலானுக்கு இப்போதுதான் முதல் சம்மன் வந்திருக்கிறது என்றால் மட்டும் இதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள்.

“வாய்தா விழுந்தாச்சு, இனி வண்டியை வித்துடலாம்.” சலான் பாக்கி என்று பரிவாஹனில் இருக்கும் வரை பெயர் மாற்றம் போன்ற ஆர்டிஓ வேலைகள் தடைபடலாம். விற்கும் திட்டம் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

“கோர்ட்ல இருந்து வாட்ஸ்அப்ல லிங்க் வந்திருக்கு.” ஜாக்கிரதை. சலான் பெயரில் ஏபிகே ஃபைல் அனுப்பி பணத்தைச் சுருட்டும் மோசடிகள் நடக்கின்றன. உண்மையான அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்றுதான் முடியும். எந்த ஃபைலையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

பெயரைக் கூப்பிட்டதும் என்ன நடக்கும்?

ஒருவழியாக அந்த நாள் வந்துவிட்டது. டவாலி வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். உள்ளே போனதும் மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைச் சுருக்கமாகச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பதற்றத்தில் “ஆமாங்க ஐயா, ஆனா...” என்று ஆரம்பித்தால் ‘ஆமாம்’ மட்டும் பதிவாகிவிடக்கூடும். “இல்லை ஐயா, நான் மறுக்கிறேன். படத்தில் இருப்பது என் வண்டி அல்ல. ஆவணங்கள் வைத்திருக்கிறேன்” என்று முதலில் சொல்லிவிட வேண்டும். விளக்கமெல்லாம் அப்புறம்.

போனை சைலன்ட்டில் போடுங்கள். உள்ளே ரெக்கார்டு செய்யாதீர்கள். ஆவணங்கள் இரண்டு செட் இருக்கட்டும், ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. அன்றே முடியாமல் போகலாம். போலீஸ் தரப்பு சாட்சியை விசாரிக்க இன்னொரு தேதி விழலாம். அது வழக்கு நகர்வதற்கான வாய்தா. பழைய தேதிகளைப் போல வீண் இல்லை.

புகார் பிரிவில் கொடுத்த மனுவையும் இதற்கிடையே விடாமல் துரத்துங்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போன பிறகு போலீஸ் தரப்பு தானாக அதை அழித்துவிட முடியாது. ஆனால் ‘எண் தவறாகப் பதிவானது’ என்று அவர்களே கோர்ட்டுக்குத் தெரிவித்தால் முடிவு வேகமாக வரும்.

கடைசியாக ஒரு கணக்கு

கட்டுவதா, எதிர்ப்பதா? மூன்று கேள்விகள் போதும். தவறு உண்மையிலேயே உங்களுடையதா? ஆம் என்றால் கட்டிவிடுங்கள். வாய்தாவை வைத்து விளையாட வேண்டாம். இல்லை என்றால், அதைக் காட்டக் காகிதம் இருக்கிறதா? ‘நான் செய்யல’ என்ற வார்த்தை மட்டும் இருந்தால் வழக்கு கடினம். காகிதமும் இருக்கிறது என்றால், இன்னும் இரண்டு மூன்று நாள் லீவை இதற்கு ஒதுக்க முடியுமா? முடியாது என்பவர்கள் சலானை எதிர்க்கும் பட்டனை அழுத்தும் முன்பே யோசிப்பது நல்லது. அழுத்திய பிறகு பாதியில் போகாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. அபராதமும் மிஞ்சும், வாரண்டு பயமும் சேரும்.

மூன்றுக்கும் பதில் தெளிவாக இருப்பவர்கள் வாய்தாவைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. மேடவாக்கம் இளைஞர் இன்று கோர்ட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பவில்லை. பெஞ்ச் கிளார்க் சொன்ன தேதி போனில் அலாரமாக ஏறியிருக்கிறது. ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது: ‘மாஜிஸ்திரேட் விடுப்பு, நான் ஆஜர்.’ அடுத்த முறை “எத்தனை தேதிக்கு வந்தீங்க?” என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் பதில் இருக்கும்.